விளையாட்டுத் திடலில் கர்மயோகம்

கொல்கத்தாவில் நவகோபால் மித்ரர் நடத்திய உடற்பயிற்சிக்கூடத்திற்கு நரேந்திரன் என்ற சிறுவன் நண்பர்களோடு சென்று வந்தான். ஒரு நாள் அவர்கள் அங்கே கனத்த ஊஞ்சல் சட்டம் ஒன்றை நிறுத்த முயன்றனர். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் இருந்த ஆங்கிலேய மாலுமி ஒருவரை நரேந்திரன் உதவிக்கு அழைத்தான். சட்டம் சரிந்து விழுந்து மாலுமியைத் தாக்கியது. அவர் மயங்கிச் சாய்ந்தார். அவர் இறந்துவிட்டார் என்றெண்ணிப் பெரும்பாலோர் ஓடிவிட்டனர். நரேந்திரனும் ஓரிரு நண்பர்களும் மட்டுமே நின்றனர். அவன் தன் ஆடையைக் கிழித்துக் காயத்தைக் கட்டினான். அருகிலிருந்த பள்ளிக்கு அவரைக் கொண்டுசென்றனர், மருத்துவர் வரவழைக்கப்பட்டார். ஒரு வாரப் பணிவிடைக்குப் பின் மாலுமி குணமடைந்தார். அப்போது நண்பர்களிடம் திரட்டிய சிறு தொகையை நரேந்திரன் அவருக்கு அளித்தான்.

பின்னாளில் சுவாமி விவேகானந்தராக விளங்கிய அவரது வரலாற்றில் காணும் இந்நிகழ்ச்சியில் பணம் இறுதியில்தான் வருகிறது. ஓடாமல் நிற்கும் பொறுப்புணர்வே முதலில் வருகிறது.

பொறுப்பு யாருடையது?

குடியிருப்புப் பகுதிப் பூங்காக்கள் பலவற்றில் ஊஞ்சலின் சங்கிலி தேய்ந்தும், சறுக்குமரத்தின் தகடு துருப்பிடித்தும் கிடப்பதைக் காணலாம். ‘இது நகராட்சியின் வேலை’ என்று கடந்து செல்வதும் ஒருவகை ஓட்டமே. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தன் 31-ஆம் பிரிவில் விளையாட்டைக் குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992-இல் இதில் இணைந்தது. ஆயினும் அந்த உரிமையைக் குழந்தை கண்டுகொள்ளும் இடம் தெருக்கோடித் திடலே.

கொடுப்பவர் மனநிலை

கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரையில், எவ்வாறு கொடுக்க வேண்டும் என்பதைத் தைத்திரீய உபநிஷதம் விளக்குகிறது. சிரத்தையோடு, வளத்திற்கேற்ப, நாணத்தோடு, அச்சத்தோடு, புரிதலோடு கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நாணம் உள்ளவர் சறுக்குமரத்தில் தம் பெயரைப் பொறிக்கும்படி கேட்கமாட்டார். புரிதல் உள்ளவர் எது தேவை என்று கேட்டறிந்து கொடுப்பார். கைம்மாறு செய்ய இயலாதவருக்குக் கடமையென்று கொடுப்பதைச் சாத்விக தானம் என்கிறது கீதையின் பதினேழாம் அத்தியாயம். பேரக்குழந்தைகள் தொலைவில் வாழ, அண்டை வீட்டுக் குழந்தைகளுக்காக ஒரு முதியவர் தரும் நூறு ரூபாய் அத்தகையது.

திரட்டுபவர் சாதனை

பிறர் பணத்தைக் கையாள்பவருக்கு விழிப்பு மிகுதியாக வேண்டும். திடல் யாருக்கு உரியதோ அவர்களின் அனுமதியை முதலில் பெற வேண்டும். எதைப் பழுதுபார்க்கலாம், எதை அகற்றியே ஆக வேண்டும் என்பதை அறிந்தவரைக் கொண்டு ஆராய வேண்டும். கருவியின் விலையோடு, அதைப் பொருத்தும் செலவு, விழும் குழந்தையைத் தாங்கும் மணற்பரப்பு, ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பு ஆகியவற்றையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். பத்து ரூபாய்க்கும் ரசீது தர வேண்டும்; வரவு செலவை அனைவரும் காண அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும்.

யாரையும் வற்புறுத்தலாகாது. காவலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்மணியும் ஒன்றும் தரவில்லை என்றாலும், அவர்களின் குழந்தைகள் அதே ஊஞ்சலில் அதே உரிமையோடு ஆட வேண்டும். நன்கொடை தந்த வீட்டுக் குழந்தைக்கே முதலிடம் என்ற நிலை வந்தால், தானம் வாணிகமாகிவிடும்.

புதிய ஊஞ்சல் வந்த பின்னும் அதன் திருகுகளை மாதந்தோறும் சோதிக்க ஒருவர் வேண்டும். பாராட்டுவார் இல்லாத அந்த வேலையை இறைவனுக்குரிய வழிபாடாக ஏற்பவரே கர்மயோகி. ஒவ்வொரு பகுதியிலும் அத்தகைய ஒருவர் முன்வரட்டும்.