ஒரு ஆளைத் தாளில் நிறுத்துவது: நடைச்சித்திரம் எழுத ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிக்காரர்கள் பேச உட்கார்ந்தால் ஒரு ஆளை அப்படியே கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிடுவார்கள். தோளில் துண்டு கிடக்கிற விதம், தெருமுக்கில் நின்று கூப்பிடுகிற குரல், கடையில் சில்லறை எண்ணும் லட்சணம் எல்லாம் வந்துவிடும். அதே ஆளைப் பற்றி எழுதித் தரச் சொல்லுங்கள், "அன்பும் பண்பும் நிறைந்தவர்" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சில் இருந்தவர் தாளில் காணாமல் போய்விடுகிறார். அவரைத் தாளிலும் நிறுத்துவதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தச் சிறு வடிவத்துக்குத் தமிழில் பல பெயர்கள் புழங்குகின்றன. அன்றாட வாழ்க்கையில் நடமாடும் மனிதரை எழுதினால் நடைச்சித்திரம். 1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழின் ஆசிரியர்களில் ஒருவரான வ.ரா. இந்த வகை எழுத்துக்குப் பேர்பெற்றவர். இடம், பொழுது, காட்சி என்று எதை எழுதினாலும் பொருந்துகிற பொதுப்பெயர் சொற்சித்திரம். தெரிந்த பிரமுகரின் தோற்றத்தையும் குணத்தையும் பிடித்துக் காட்டுவதைப் பேனாச்சித்திரம் என்பார்கள். சொல்லோவியம் என்பது பெரும்பாலும் மேடையில் பாராட்டுகிறவர்களின் சொல். உங்கள் எழுத்துக்கு நீங்களே அதைச் சூட்டிக்கொள்ள வேண்டாம். வாழ்க்கைச் சித்திரம் என்றால் பிறப்பு முதல் வரும் முழு வரலாறு என்று வாசகர் எதிர்பார்ப்பார், அரைப் பக்கத்துக்கு அந்தத் தலைப்பு தாங்காது. சித்திரிப்பு என்பது காட்டும் செயலின் பெயர். "ஒரு சித்திரிப்பு எழுதினேன்" என்பதைவிட "ஒரு சித்திரம் எழுதினேன்" என்பதே சரியாக ஒலிக்கும்.

இனி வேலைக்கு வருவோம். எடுக்கிற பொருளைச் சின்னதாக்குங்கள். தாமிரபரணியை எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். குறுக்குத்துறை என்றால்கூடப் பெரிசுதான். குறுக்குத்துறைப் படித்துறையில் விடிகாலையில் வேட்டி அலசுகிற ஒரு பெரியவர் என்பது சரியான அளவு.

பிறகு போய் உட்காருங்கள். வீட்டிலிருந்தபடி நினைவிலிருந்து எழுதினால், ஏற்கெனவே படித்த படித்துறைகள்தான் கைக்கு வரும். உட்கார்ந்த இடத்தில் கருத்து எதையும் குறிக்காதீர்கள், பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நெல்லை வீட்டை எழுதினால் அது தார்சா, பட்டாசல், அடுக்களை, வளவு என்றுதான் இருக்க வேண்டும். "வீட்டின் முன்பகுதி" என்று எழுதினால் அந்த வீடு எந்த ஊரிலும் இருக்கலாம். இது நம் பக்கத்துப் பழைய பாடம். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தைப் பாடுகிற முக்கூடற்பள்ளு, நெல்லையும் மீனையும் வகைவகையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. "பலவகை நெல்" என்று அந்தப் புலவர் நிறுத்தியிருந்தால் வயல் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

பத்தமடைக்குப் போய்வந்த ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"பத்தமடைப் பாய் உலகப் புகழ்பெற்றது. அதை நெய்யும் பெண்கள் கடின உழைப்பாளிகள். அவர்கள் வாழ்வில் என்று விடியுமோ?"

மூன்று வாக்கியமும் அனுதாபத்தோடு எழுதப்பட்டவைதான். ஆனாலும் ஒரு பாயோ ஒரு பெண்ணோ அவற்றில் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது இதைப் பாருங்கள்:

"தறி தரையோடு தரையாகக் கிடக்கிறது. நெய்து முடித்த பகுதியின் மேலேயே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். இழைகளுக்கு நடுவில் நீளக் குச்சி கோரையை இழுத்துக்கொண்டு போகிறது. அச்சை இழுத்து ஒரு தட்டு. வாசலில் மீன்காரர் குரல். 'இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி' என்கிறார், தலை நிமிரவில்லை. பாய் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. அந்த விரற்கடை அளவுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்கிறார்."

உழைப்பு என்ற சொல்லும் வறுமை என்ற சொல்லும் இதில் இல்லை. மீன் வேண்டாம் என்று சொன்னதை வாசகர் கவனித்துக்கொள்வார். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓலைப்பாயை முடைவார்கள், கோரைப்பாயை நெய்வார்கள். வினைச்சொல்லை மாற்றிப் போட்டால், தொழில் தெரிந்தவர் அந்த வரியிலேயே உங்களை நம்புவதை விட்டுவிடுவார்.

பேச்சை அளவாகப் போடுங்கள். எல்லார் வாயிலும் "ஏலே" வைப்பது சினிமாவின் பழக்கம். "ஏலே" சின்னவனை, நெருக்கமானவனை அழைப்பது. "என்னவே" சமவயதுக்காரர்களுக்குள் புழங்குவது. மரியாதைக்கு உரியவரைப் பற்றிப் பேசும்போது "வந்தாவ", "சொல்லுதாவ" என்று வரும். தெருவுக்குத் தெரு, வயசுக்கு வயசு இது மாறும் என்பதால் காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிப் பேச்சு போதும்.

காலத்தையும் சுருக்குங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த எண்ணைச் செய்தி சொல்லிவிட்டது, சொல்லவும் வேண்டும். சித்திரத்தின் வேலை வேறு. தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் ஒரு வீட்டம்மா ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கும் பத்து நிமிஷம் போதும் அதற்கு. "அன்றிலிருந்து", "பல வருடங்களாக" என்று பின்னால் போக ஆரம்பித்தால் அது கதையாகவோ கட்டுரையாகவோ மாறிவிடும்.

எழுதியதை இரண்டு நாள் கிடப்பில் போட்டுவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலும் முதல் பத்தியை வெட்டிவிடலாம், அது நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டது. "அழகான", "அற்புதமான" போன்றவற்றைத் தயங்காமல் அடியுங்கள். கடைசி வரி நீதி சொன்னால் அதையும் எடுத்துவிடுங்கள். முந்நூறு சொல்லுக்குள் நிற்பது நல்லது.

பழக வேண்டுமானால் இந்த ஊர்க்காரர்களையே படியுங்கள். வண்ணதாசனின் 'அகம் புறம்', கலாப்ரியாவின் 'நினைவின் தாழ்வாரங்கள்', சுகாவின் 'தாயார் சன்னதி' மூன்றும் மூன்று விதம். வண்ணதாசனிடம் பொருட்களின் மேல் கண் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். சுகாவிடம் பேச்சின் தாளத்தைக் கேளுங்கள். நடையை மட்டும் இரவல் வாங்காதீர்கள்.

எழுதப்பட்டவர் உயிரோடு, அதே தெருவில் இருப்பவராக இருந்தால் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். பேரை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். ஒரு விவரத்தை எடுக்கச் சொன்னால், அதுதான் உங்களுக்கு மிகப் பிடித்த வரியாக இருந்தாலும், எடுத்துவிட்டு அனுப்புங்கள்.