கேட்டலும் பாடலும்

இசை என்னுஞ் சொல் இசைதல் என்பதனோடு ஒருவழிப் பிறந்தது. ஒன்றோடொன்று பொருந்துதலே இசைதலாம். குரல் சுருதியோடு பொருந்துதலும், அடி தாளத்தோடு பொருந்துதலும், பாடுவோர் உள்ளங் கேட்போர் உள்ளத்தோடு பொருந்துதலும் ஆகிய யாவும் அச்சொல்லினுள் அடங்கும். பொருந்துவதற்கு முன்னர்ப் பொருந்தப்படும் பொருளை அறிதல் வேண்டும். அறிவதற்கு வாயில் செவி. ஆதலின் இசை பயிலப் புகுவோர் முதற்கண் உணரவேண்டுவது, பாடலென்பது கேட்டலின் விளைவே என்பதாம். இதனை நம் மலைநாட்டு மாணாக்கரை முன்னிறுத்தி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே இசைவிருப்பு மிக்க பிள்ளைகளை யாம் பலகாலுங் காண்கின்றோம். அவர்க்கு வழியும் இன்று முற்றாக அடைபட்டிலது. பாடசாலையிலே கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாக உளது. 1931ஆம் ஆண்டிலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சைகளை நடாத்துகின்றது. மருதனார்மடத்தில் 1960ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற இராமநாதன் சங்கீத அக்கடமி, 1975ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பிலே விபுலாநந்த அடிகள் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நடைபெறுகின்றது. ஆதலால் லயத்துக் காம்பிராவிலே பிறந்த பிள்ளையொன்று இசையிற் பட்டம் பெறுதல் அரிதேயாயினும் இயலாததன்று.

எனினும் இம்மாணாக்கரிடத்து இரு குறைகளை யாம் கண்டுளோம். பாடுதற்கு விரைந்து கேட்டற்குச் சோம்புதல் ஒன்று. தொலைவிலிருந்து வருவதையே இசையென மதித்துத் தம் வாயிலில் ஒலிப்பதற்கு நாணுதல் மற்றொன்று. இவ்விரண்டனுள் பின்னதே பெரிது. அஃது எவ்வாறென்பதை யாம் நேரிற் கண்டதொரு நிகழ்ச்சியாற் காட்டுவாம்.

சில ஆண்டுகளின் முன் ஹட்டனுக்கு அணித்தான தோட்டமொன்றிலே, எமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தாரின் காம்பிராவில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தோம். அவ்வீட்டுச் சிறுமி பதினான்கு வயதினள், சங்கீதம் பயில்பவள். எம்முன் அமர்ந்து ஸரளி வரிசைகளை மூன்று காலங்களிலும் பிழையறப் பாடினாள். அப்பொழுது அடுப்பங்கரையிலே, கொழுந்து பறித்தே முதுமையெய்திய அவளுடைய அம்மாயி, மடியிற் கிடந்த குழந்தையை உறக்குவாராய்த் தாலாட்டொன்றைத் தொடங்கினார். சிறுமி முகஞ் சிவந்து, "ஐயா, அது சும்மா லயத்துப் பாட்டு" என்று எழுந்து கதவைச் சாத்தப் போயினாள். யாம் தடுத்து, "மகளே, அதற்குச் சுரம் கண்டுபிடி, பார்ப்போம்" என்றோம்.

அவள் நகைத்துக்கொண்டே தொடங்கினாள். சிறிது நேரத்தில் நகை நின்றது. சுருதிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிழவியார் ஓரடி பாட அதனைத் தானும் மெல்லப் பாடிச் சுரத்தைத் தேடினாள். மேல் ஷட்ஜத்தை அப்பாட்டு ஒருகாலுந் தொட்டிலது. கீழே மந்தர நிஷாதத்தைத் தொட்டு மீண்டது; மேலே தைவதத்தோடு நின்று இறங்கிற்று. "இதற்கு ஆரோகணம் முடியவேயில்லையே, ஐயா!" என்று வியந்தாள். அவள் கற்ற இராகங்கள் யாவும் ஷட்ஜத்திற் றொடங்கி ஷட்ஜத்தில் முடிவன. இரவு சாப்பாட்டுக்கு அழைத்தபோதும் அவள் எழுந்திலள்.

அவள் அன்று கண்டது சங்கீத நூலார் நன்கறிந்ததொரு முறையே. குறிஞ்சி என்னும் இராகம் 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணத்திற் பிறந்தது. தைவதத்துக்கு மேலே செல்லாது. நவரோஜ் பஞ்சமத்தோடு நிற்கும். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, செஞ்சுருட்டி என்பன நிஷாதத்தோடு அமையும். இவை மேலே ஓங்கிச் செல்லாமையின், சுருதிப்பெட்டியின் மத்திமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு இவற்றைப் பாடுதல் வழக்கு. இதனையே மத்திம சுருதி என்ப. தாலாட்டும், கும்மியும், நடவுப் பாட்டும், ஒப்பாரியும் பெரும்பாலும் இத்தகைய குறுகிய எல்லையுள் உலவுவன. வேலை செய்துகொண்டும், குழந்தையை ஏந்திக்கொண்டும், அழுதுகொண்டும் பாடுவோர்க்கு இரண்டு ஸ்தாயி வேண்டப்படுவதன்று. ஒரு சில சுரங்களுக்குள்ளே உயிர் முழுவதையும் வைத்தலே வேண்டப்படுவது. இவ்விராகங்கள் நாட்டார் பாடலினின்றும் அரங்கிற்கு ஏறியவை எனக் கருதும் இசையறிஞர் பலர். அங்ஙனமாயின் அச்சிறுமி சாத்தப்போன கதவு இசையின் பிறந்தவீட்டுக் கதவேயாம்.

பெயரொற்றுமை கண்டு மாணாக்கர் மயங்காமைப்பொருட்டு ஒன்று கூறுவாம். தேவாரத்துக் குறிஞ்சிப் பண்ணை ஓதுவார்கள் இன்று அரிகாம்போதி இராகத்திற் பாடுவர். ஆகவே குறிஞ்சிப் பண் வேறு, குறிஞ்சி இராகம் வேறு என்க.

இனித் தாளத்திற்கு வருவாம். தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம் முதலியவற்றோடு பறையையும் யாழையும் ஒருங்கே வைத்தார். மக்கள் வாழும் நிலத்திற்கு இசையும் நீரும் சோறும் போல இன்றியமையாததென்பது அவர் கொள்கை போலும். அவ்விரண்டனுள் யாழை நாம் போற்றுகின்றோம். பறையை யாது செய்தோம்?

மலைநாட்டிலே பறைக்குத் தப்பு என்று பெயர். இருள் புலருமுன் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே முன் நடந்தது தப்பு. மணத்துக்கும் மரணத்துக்கும் வேறுவேறு அடி வகுத்துத் தந்தது தப்பு. மாசித் திங்களிலே வளர்பிறைக் காலத்தில் நிகழும் காமன் கூத்திலே, மன்மதன் எரிக்கப்படுமளவும் இரதி புலம்புமளவும் கூத்தரின் காலடியை நடாத்துவதும் அதுவே. ஒரு கையிலே தடித்த குறுங்கோலும் மறுகையிலே மெல்லிய நெடுங்கோலுங் கொண்டு, நடுவிலும் விளிம்பிலும் மாறிமாறி அடித்து, ஒரே தோலில் இருகுரல் எழுப்புவர். எழுத்திலமையாத அவ்வடிக்கணக்கைத் தந்தையின் கையைப் பார்த்தே மைந்தர் கற்றனர்.

விடியற்காலத் தப்பொலி அடிமைவாழ்வின் ஒலியாகவும் இருந்ததென்பதை யாம் மறைக்கின்றேமல்லேம். சாவீட்டிலே அடிக்கப்படுவதென்றும், ஒரு குலத்தாரே அடிப்பதென்றும் சொல்லி அதனை இழித்தோரும் நம்முள் உளர். இழிவு தோலிலும் கோலிலும் இல்லை. அதனை ஒருசாரார் தலையிற் சுமத்தியோர் மனத்திலேயே உளது. மிருதங்கத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தப்பைக் கண்டு முகந்திருப்பும் மாணாக்கர், தாளத்தை இன்னும் கேட்கத் தொடங்கிலர் என்றே யாம் கொள்வோம்.

சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் ஆன்றோர் கூறுப. தோட்டத்து வீட்டு வரிசைக்கும் நம் மக்கள் லயம் என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். ஆங்கிலச் சொல்லொன்றின் திரிபேயாயினும் அப்பெயர் பொருந்தாமற் போயிற்றிலது.

கேட்டவரே பெரும்பயன் செய்தார் என்பதற்கு மலைநாட்டு வரலாறே சான்று. ஸி. வி. வேலுப்பிள்ளை 1914ஆம் ஆண்டிலே வட்டகொடைக்கு அணித்தான மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947ஆம் ஆண்டிலே தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திலே நெடும்பாட்டொன்று இயற்றியவர், அதனுள் விடியற்காலப் பறையொலிக்கே சிறப்பிடம் அளித்தார். ஆங்கிலப் புலமையால் தம் லயத்தை மறவாது, மக்கள் வாய்மொழியிற் கிடந்த பாடல்களைத் தேடிக் கேட்டு, மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னுந் தொகுதியாக 1983ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே அவர் மறைந்தார். அந்நூல் இன்றேல் அப்பாடல்களுட் பல அவர்க்கு முன்னரே மறைந்திருக்கும்.

பாடிப் பயன் செய்தோரும் உளர். கோ. நடேசையர் 1931ஆம் ஆண்டிலே ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் கூட்டங்களிலே பாட்டுப் பாடி மக்களை எழுப்பினார். இலங்கையில் இந்தியர் நிலைமையைப் பொருளாகக் கொண்ட தம் பாடல்களை 1940ஆம் ஆண்டிலே நூலாகவும் வெளியிட்டார். எழுத்தறியாத மக்களிடம் துண்டுப் பிரசுரம் செல்லாத இடத்தும் பாட்டுச் செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவு, மக்கள் எதனைக் கேட்பர், எவ்வாறு கேட்பர் என்பதைத் தாம் முன்னர்க் கேட்டறிந்ததன் பயனன்றோ?

நிற்க. மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க பயிற்சிகள் சிலவற்றை இனிக் கூறுவாம்.

முதலாவது, நாள்தோறும் ஒரே பாட்டைப் பலமுறை கேட்டல். கைப்பேசியிலே ஆயிரம் பாட்டுக்கள் வந்து குவிகின்றன. ஒன்று முடியுமுன் மற்றொன்றுக்கு விரல் தாவுகின்றது. அது கேட்டலாகாது. ஒரு பாட்டை ஒருவாரம் கேட்க. முதல்நாள் சுருதியை மட்டும் பற்றுக. இரண்டாம்நாள் தாளத்தை எண்ணுக. மூன்றாம்நாள் எச்சுரத்தில் பாடகர் நின்று இளைப்பாறுகின்றார் என்பதை நோக்குக. அதன்பின்னரே வாய்திறக்க.

இரண்டாவது, குரலைக் காய்ச்சுதல். நுவரெலியா கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தது. அங்கே விடியற்குளிர் கண்டத்தை இறுக்கும். தப்படிப்போர் தோல் தளர்ந்திருக்குங்கால் அதனைத் தீயில் வாட்டி, ஒலி திருந்தியதை விரலால் தட்டிப் பார்த்த பின்னரே கோல் எடுப்பர். பாடுவோரும் அதுவே செய்க. எழுந்தவுடன் மேல் ஸ்தாயியில் ஓங்கிக் கத்தாது, மந்தர ஸ்தாயியிலே அகாரத்தை மெல்ல நீட்டி, குரல் இளகியது கண்டு படிப்படியாக ஏறுக.

மூன்றாவது, காலப் பிரமாணம். புரந்தரதாசர் வகுத்தனவாகப் போற்றப்படும் வரிசைகளை மாயாமாளவகௌளையில் மூன்று காலத்தும் பாடுங்கால், விரைவிலே பெருமை கொள்ளற்க. முதற்காலம் அசையாது நிற்பவர்க்கே மூன்றாங்காலம் வாய்க்கும். லயத்தின் சுவர் மெல்லியது. அடுத்த காம்பிராவில் வேலையால் களைத்தோர் உறங்குவர். ஆகவே குரலை அடக்கி, கையால் தாளமிட்டு, உள்ளத்திலே பாடிப் பழகுக. இந்த இடர்ப்பாடே ஒரு நற்பயிற்சியாம். ஓசையின்றிச் சுரத்தை நினைக்க வல்லவர்க்கு ஓசை தவறாது.

நான்காவது, தம்மவர்முன் பாடுதல். தமிழ்மொழித் தினப் போட்டி மேடை நன்று, பரிசும் நன்று. ஆயினும் மார்கழி விடியலிலே பஜனைக் குழுவோடு லயந்தோறும் பாடிச் செல்லும்போது கிடைக்கும் பயிற்சியை மேடை தாராது. பனியிலே, நடையிலே, சிறுவர் குரலும் முதியோர் குரலும் கலந்த நடுவிலே சுருதி வழுவாது நிற்கக் கற்றவர் எவ்வரங்கிலும் நிற்பர்.

அற்றேல், தாலாட்டுந் தப்பும் பரீட்சையில் வினவப்படுமோ என மாணாக்கர் கேட்கலாம். பெரும்பாலும் வினவப்படா என்பதே விடை. பரீட்சை வேண்டாம் என்பது எம் கருத்துமன்று. தோட்டத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் ஒரு படிக்கட்டு. அதனை இகழ்வோர் அப்படிக்கட்டு வேண்டாத உயரத்திற் பிறந்தோரே. யாம் வேண்டுவது, பரீட்சைக்குக் கற்ற சுரஞானத்தைப் பரீட்சை வினவாத பொருளின்மேலும் செலுத்துக என்பதே. விஞ்ஞானங் கற்ற விபுலாநந்த அடிகள் அக்கணக்கறிவைப் பழந்தமிழ் இசையின்மேற் செலுத்தினமையாலன்றோ, வழக்கொழிந்த யாழின் இயல்பை ஆராயும் யாழ் நூல் 1947ஆம் ஆண்டிலே நமக்குக் கிடைத்தது? வழக்கொழிந்ததை மீட்க அத்துணை உழைப்பு வேண்டியிருந்தது. வழக்கிலுள்ளதைக் காத்தற்கோ ஒரு மாலைப்பொழுதும் ஒரு செவியும் போதும்.

முற்கூறிய தோட்டத்துக்கு இரண்டாண்டு கழித்து மீண்டுஞ் சென்றோம். அம்மாயி இறந்துவிட்டார். சிறுமி சங்கீதப் பயிற்சியில் மேலும் இரு தரங்கள் தேறியிருந்தாள். யாம் கேளாமலே சுருதிப்பெட்டியைத் திறந்து, மத்திமத்திற் சுருதி வைத்து, அத்தாலாட்டைப் பாடினாள். மெட்டு ஒரு சுரமும் வழுவிற்றிலது. மூன்று கண்ணிகள் பாடி நிறுத்தினாள். "இன்னும் நிறைய இருந்தது, ஐயா. பரீட்சை முடியட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன்" என்றாள். அதன்மேல் அவளும் ஒன்றுங் கூறவில்லை. யாமும் ஒன்றுங் கேட்கவில்லை.

ஆதலின் இசையில் அன்புடைய மாணாக்கர்காள், நாளை பாடுதற்குரியதை இன்று பயிலுங்கள். இன்று கேட்டற்குரியதை நாளைக்கென வைக்காதீர்கள். உங்கள் லயத்திலே பாடத் தெரிந்த முதியோர் ஒருவராவது இருப்பர். இன்று மாலையே அவரருகிற் சென்று அமருங்கள்.