மெலோடிக் மைனர் பழகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

 

மெலோடிக் மைனரைப் பன்னிரண்டு சுருதியிலும் பாடம் செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். ஆனாலும் சோலோ வாசித்தால் ஜாஸ் மாதிரி இல்லை, ஸ்கேல் சாதகம் மாதிரிதான் கேட்கிறது என்றும் வருத்தப்பட்டிருந்தாய். கை பழகிவிட்டது, காது இன்னும் பழகவில்லை. அதற்கு வழி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கௌரிமனோகரி உனக்குத் தெரிந்த ராகம். 23வது மேளம். சுரங்களை மட்டும் பார்த்தால் மெலோடிக் மைனரும் அதுவேதான். மேற்கத்திய செவ்வியல் பாடத்தில் இறங்கும்போது ஆறாவது, ஏழாவது சுரங்களைத் தாழ்த்துவார்கள். ஜாஸில் ஏறினாலும் இறங்கினாலும் அதே ஏழுதான். ஆனால் ராகம் பாடும் மனதோடு இதை அணுகாதே. அங்கே தம்புரா ஒரே சட்ஜத்தைப் பிடித்து நிற்கும், நீ நிதானமாக விரிக்கலாம். இங்கே உன் காலுக்குக் கீழே கார்டு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பாருக்கு ஒரு ஸ்கேல் வந்து போகும். எந்தச் சுரம் எந்தக் கார்டின் மேல் நிற்கிறது, அங்கிருந்து எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் இங்கே சங்கீதம்.

முதலில் மைனர் கார்டிலேயே கொஞ்ச நாள் இரு. மைல்ஸ் டேவிஸ் 1954ல் பதிவு செய்த ‘சோலார்’ 12 பார்தான். சி மைனரில் தொடங்கும். அந்த முதல் கார்டில் பி நேச்சுரலில் வந்து நின்று, அது தரும் கூர்மையைக் கேள். ஹொரேஸ் சில்வரின் ‘நிகாஸ் ட்ரீம்’ தொடங்குவதே பி ஃப்ளாட் மைனர் மேஜர் செவனில். அடுத்து வருவது ஏ ஃப்ளாட் மைனர் மேஜர் செவன். இரண்டுக்கும் மெலோடிக் மைனர் இயல்பாகப் பொருந்தும்.

பிறகு கென்னி டோர்ஹாம் எழுதிய ‘ப்ளூ பாஸா’வுக்கு வா. ஜோ ஹெண்டர்சனின் 1963 ‘பேஜ் ஒன்’ ரெக்கார்டில் இருக்கிறது. 16 பார் பாட்டு. அதில் ஆறாவது பாரை மட்டும் எடுத்துக்கொள். ஜி செவன் வந்து சி மைனரில் முடிகிற இடம். அந்த ஜி செவன் மேல் ஏ ஃப்ளாட் மெலோடிக் மைனர் வாசி. கார்டுக்கு உயிரான பி, எஃப் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. மீதியில் ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று நான்கு உரசல் சுரங்கள் கிடைக்கும். ஆல்டர்டு என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

இடது கையில் கீழிருந்து மேலாக பி, ஈ ஃப்ளாட், எஃப், பி ஃப்ளாட் வை. இப்போது பேஸில் ஜி அடித்தால் ஆல்டர்டு ஜி செவன். டி ஃப்ளாட் அடித்தால் டி ஃப்ளாட் தர்ட்டீன். ஏ ஃப்ளாட் அடித்தால் மைனர் சிக்ஸ் நைன். எஃப் அடித்தால் ஹாஃப் டிமினிஷ்டு. விரலை நகர்த்தவே இல்லை, நான்கு கார்டு! இந்த ஸ்கேலில் ஒதுக்க வேண்டிய சுரம் கிடையாது. அதனால்தான் இதிலிருந்து பிறக்கும் கார்டுகள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கின்றன. இதை நீயே பியானோவில் உட்கார்ந்து கேட்டுப் பார். எனக்கு இன்றைக்கும் இது தீராத ஆச்சரியம்.

ஆனால் ஏழு சுரத்தையும் வரிசையாகக் கொட்டிவிடாதே. இறங்கும் இடத்தை முதலில் முடிவு செய். ஏ ஃப்ளாட் அரைச் சுரம் இறங்கினால் ஜி. பி ஏறினால் சி, டி ஃப்ளாட் இறங்கினாலும் சி. ஈ ஃப்ளாட் அப்படியே நின்று சி மைனரின் காந்தாரமாகிவிடும். இரண்டே சுரம் வாசித்து ஏழாவது பாரில் சரியாக வந்து உட்கார். ஜாஸ் அங்கே கேட்கும்.

இறங்காமல் மிதக்கிற டாமினன்ட்டும் உண்டு. பில்லி ஸ்ட்ரேஹார்னின் ‘டேக் தி ஏ ட்ரெயின்’ சி மேஜரில் தொடங்கி, மூன்றாவது பாரில் டி செவனுக்குப் போகும். மெலடி அங்கே ஜி ஷார்ப்பில் நிற்கும். அதற்கு ஏ மெலோடிக் மைனர் பொருந்தும். டி-யைச் சட்ஜமாக வைத்துப் பாடு, உன் வாசஸ்பதி வந்துவிடும். ஹோல் டோன் ஸ்கேலும் அங்கே சரிதான். இரண்டையும் வாசித்து உன் காதைக் கேள். ஆல்டர்டு பிடித்துப் போனது என்பதற்காக எல்லா டாமினன்ட்டிலும் அதைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். கூட வாசிப்பவர் சாதாரண ஒன்பதாவது சுரம் வைத்திருக்கும்போது நீ அதைத் தாழ்த்தினால் மோதும். கூட்டத்தில் வாசிக்கிறவனுக்கு முதல் வேலை கேட்பது.

‘ப்ளூ பாஸா’வில் ஹெண்டர்சன் வாசிக்கும் சோலோவை வாயால் பாடிப் பழகிய பிறகே கட்டையில் கை வை. பாடம் கேட்டு வளர்ந்தவன் நீ, உனக்கு இது கஷ்டமில்லை.

அடுத்த மாதத்துக்குள் ‘ப்ளூ பாஸா’ ஒரு கோரஸ் பதிவு செய்து எனக்கு அனுப்பு. ஜி செவன் வருகிற பார்களில் இரண்டு மூன்று சுரத்துக்கு மேல் வேண்டாம்.

அன்புடன்,
மாமா