பொற்கிழியும் சொற்போரும்

சொற்போரில் வென்றார்க்குப் பொருள் நல்குதல் இன்று தோன்றிய வழக்கமன்று. பரம்பொருள் யாதெனச் சான்றுகாட்டி நிறுவுவார்க்கே உரியதெனப் பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் மதுரையில் பொற்கிழியொன்றைத் தொங்கவிட்டான் என்பது வைணவ மரபு. அதனை வென்றவர், திருவில்லிபுத்தூரில் பூமாலை தொடுத்து வாழ்ந்த விட்டுசித்தர். பெரியாழ்வார் எனப் போற்றப்பெறுபவர். 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா என்னும் காவியம் இவ்வாதத்தை விரித்துரைக்கும். அம்மொழி அண்மையிலுள்ள இராசபாளையத்து இல்லங்கள் பலவற்றில் இன்றும் வழங்குதல் காண்க.

இனி, உதவித்தொகை கருதி மேடை ஏறும் மாணாக்கர் யாது செய்தல் வேண்டும்? தம் பக்கத்தை மட்டும் நெட்டுருச் செய்தோர் எதிர்வினா ஒன்றிற்கே நாத்தடுமாறுவர். நூலாசிரியர்க்கு நன்னூல் வகுத்த எழுவகை மதங்களுள், பிறர் கருத்தை முதற்கண் ஏற்றுப் பின்னர்க் களைதலும் ஒன்று. வாதிடுவார்க்கு அதனினும் சிறந்த படைக்கலம் இல்லை. கைத்தறியின் பக்கம் நின்று பேசுவோர் இராசபாளையத்து நூலாலைகளைப் பழித்துத் தொடங்கலாகாது. தறிக்கு வேண்டும் நூலை விரைவாகவும் மிகுதியாகவும் நூற்றுத் தருவது ஆலையே என்பதை முதலில் ஒப்புக்கொள்ளட்டும். அதன்பின், நெசவுத்தொழிலும் ஆலைக்கே சென்றால் நெசவாளர் குடும்பம் எதனைக்கொண்டு உண்ணும் என வினவட்டும். அவ்வினாவிற்கு எதிரணியார் விடை தேடியே தீர்தல் வேண்டும்.