ஷாக் என்றால் கரண்ட் அல்ல!



என் தங்கைக்கு ஏழு வயது. அவளுக்குப் பெருமூளை வாதம். கெண்டைக்கால் தசை கயிறு மாதிரி இறுகிக் கிடப்பதால் குதிகால் தரையில் படாது, நுனிக்காலில்தான் நடப்பாள். போன வருடம் ஒரு மருத்துவமனையில், "ஷாக் வேவ் கொடுத்துப் பார்க்கலாம்" என்றார்கள். "பச்சப் புள்ளைக்குக் கரண்டு வெக்கிறதா? வேணாஞ்சாமி!" என்று அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் நிறுத்தி விளக்கவில்லை. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹைட்ராலிக்ஸில் 'வாட்டர் ஹாமர்' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாய் 'டொம்' என்று அதிரும். ஷாக் வேவும் அப்படி ஒரு அழுத்த அலைதான். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடம்பைக் கீறாமல் சிறுநீரகக் கல்லை உடைக்க முதன்முதலில் பயன்படுத்தினார்கள். அந்த மெஷினைச் செய்தது விமானம் கட்டும் டோர்னியர் கம்பெனி!

தசைக்கு வைப்பது அதைவிட மிகக் குறைந்த சக்தி. ஒரு வகை மெஷின் நம் நியூமாடிக்ஸ் லேப் சமாச்சாரமேதான். கம்ப்ரஸர் காற்று கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன உலோகக் குண்டைத் தள்ளும். அது முனையில் போய் மோதும். அந்த அதிர்வு தோல் வழியாகத் தசைக்குள் இறங்கும். இடையில் காற்று இருந்தால் அலை திரும்பிவிடும் என்பதால் ஜெல் தடவுகிறார்கள்.

2010-ல் இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த அமேலியோ, மங்கனோட்டி என்ற இரு மருத்துவர்கள் இந்த வாதம் உள்ள 12 குழந்தைகளின் சோதனை முடிவை வெளியிட்டார்கள். முதலில் பொய்யாக ஒரு முறை வைத்துப் பார்த்தார்கள்; மாற்றமில்லை. பிறகு கெண்டைக்காலில் நிஜமாகவே 1500 அடி கொடுத்தார்கள். இறுக்கம் தளர்ந்தது, பாதம் முன்பைவிட அதிகமாகத் தரையில் பதிந்தது. நான்கு வாரம் கழித்தும் பலன் இருந்தது. ஆனால் 12 வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. யோசித்தால் அதில் ஆச்சரியமில்லை. கோளாறு மூளையில், தசை அங்கிருந்து வரும் தப்பான கட்டளைக்குத்தான் இறுகுகிறது. அலை அதைச் சரிசெய்யாது. தளர்ந்திருக்கிற அந்தச் சில வாரங்களில் தினமும் காலை நீட்டிப் பயிற்சி கொடுக்கணும், ஸ்ப்ளின்ட் கட்டணும், நடக்கப் பழக்கணும். மெஷின் வேலை சில நிமிஷம், மற்றதெல்லாம் அம்மா வேலை.

எங்கள் லைன் வீட்டுக் குழாயைச் சட்டென்று அடைத்து அம்மாவுக்குச் சத்தம் காட்டினேன்.

"அப்ப கரண்டு இல்லியா?"

"மெஷினுக்குத்தான்மா கரண்ட். பாப்பாவுக்கு இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அடுத்த தடவ நீயும் வா. டாக்டர்கிட்ட நீயே கேளு."

புதன்கிழமை லேபுக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.