எல்லை தாண்டும் காளை

அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு காளையும் சில பைசன்களும் வாங்கி, டெக்சாஸில் உள்ள தன் பண்ணைக்குக் கொண்டுபோக நினைக்கிறான் என் தம்பி. ஒரே நாட்டுக்குள் போகும் மாட்டுக்கும் நோய்ப் பரிசோதனை வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே டெக்சாஸ் கால்நடைச் சுகாதார ஆணையத்துக்கு உங்கள் தம்பி போன் செய்துவிடட்டும். எந்தப் பரிசோதனை, எத்தனை நாளுக்குள் என்று தீர்மானிப்பது மாடு போய்ச்சேரும் மாநிலம்தான்.

முதல் கவலை புருசெல்லோசிஸ். சினைமாட்டின் கருவைக் கலைக்கும் இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். நாட்டின் மாட்டு மந்தைகளிலிருந்து ஏறக்குறைய ஒழிந்துவிட்டாலும், யெல்லோஸ்டோன் வட்டாரத்துக் காட்டு பைசன்களிடமும் எல்க் மான்களிடமும் இன்னும் இருக்கிறது. அதனால் மொன்டானா, வயோமிங், ஐடஹோ மாநிலங்களில் அதை ஒட்டிய பகுதிகள் தனிக் கண்காணிப்பில் உள்ளன. விற்பவரின் பண்ணை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

காளைக்கு ட்ரைக்கோமோனியாசிஸ் சோதனையும் உண்டு. நோயுள்ள காளை வெளியே கொழுகொழுவென்றுதான் இருக்கும்; அதோடு சேர்ந்த பசுக்களுக்குக் கரு தங்காது. பார்வையை நம்பி வாங்கக் கூடாது.

இவற்றோடு, அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். 18 மாதம் நிறைந்த, காயடிக்காத மாடுகளுக்கும் பைசன்களுக்கும் புதிதாகப் போடும் காது வில்லை, 2024 நவம்பர் 5 முதல், கண்ணாலும் மின்னணுக் கருவியாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பின்னாளில் கறவை மாடு வாங்கினால் இன்னொன்றும் சேரும். 2024இல் பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளிடம் பரவியதால், பால் தரும் மாடுகள் மாநில எல்லை தாண்டுமுன் அதற்கும் பரிசோதனை என்று மத்திய அரசு அந்த ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது.

சோதனை முடிவு கைக்கு வந்தபிறகே லாரியை அமர்த்தச் சொல்லுங்கள்.