பருத்திமார் பிடுங்கும் சட்டமும் அதன் வரவு செலவும்

சர்க்கார் விதி எதுவாயினும் அதற்கொரு செலவு உண்டு. செலவு உடனே தெரியும். பயனோ பிந்தி வரும், சில சமயம் கண்ணுக்கே புலப்படாது. ஆகையால் விதியை நிறுப்பவர் இரண்டு தட்டுகளையும் கவனித்தல் அவசியம். இதற்குப் பருத்திச் சாகுபடி தக்க உதாரணமாகும்.

சென்னை மாகாணத்தில் 1919-ஆம் வருஷம் பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் தடுப்பதற்கான சட்டம் ஏற்பட்டது. இதன்படி கம்போடியாப் பருத்திச் செடிகளைக் குறித்த கெடுவுக்குள் பிடுங்கிவிட வேண்டுமென்று உத்தரவாயிற்று. செடி நின்றால் கடைசிக் காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகி, அடுத்த போகத்தைத் தாக்கும் என்பதே காரணம்.

செலவுத் தட்டில் மூன்று இனங்கள் உள: பிடுங்கு கூலி, கைவிட்ட கடைசி எடுப்பு, மேற்பார்வைச் சம்பளம். வரவுத் தட்டில் மார் விறகாகும். நிலம் ஓய்வு பெறும். வரும் போகத்தில் புழு குறையும்.

மடவார் வளாகத்தை அடுத்துப் பத்துக் குடியானவர்கள் பருத்தி பயிரிடுவதாகக் கொள்வோம். ஒன்பதுபேர் பிடுங்க, ஒருவர் மட்டும் விட்டுவைத்தால், கடைசி எடுப்பு அவருக்கு, அந்துப்பூச்சியோ பத்துப்பேருக்கும். ஒன்பதுபேரின் கூலி பெரிதும் வீணாகும். புத்திமதி போதாமல் சட்டம் வேண்டியதன் நியாயம் இதுவே.

இனி, வராத நஷ்டத்தையும் வரவாகக் கொள்ளவேண்டும். அமெரிக்கக் காய்க்கூன்வண்டு 1892 வாக்கில் மெக்ஸிகோவிலிருந்து டெக்ஸாஸில் புகுந்து பருத்திக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. இந்திய சர்க்காரின் 1914-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் அமெரிக்கப் பருத்தி பம்பாய்த் துறைமுகத்தில் விஷப்புகையிடப்பட்டது. அவ்வண்டு இன்றளவும் இந்தியாவில் நிலைகொள்ளவில்லை. ஆயினும் இதன் முழுப் புகழையும் புகைக்கே அளித்தல் தகாது. விதி இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதையே மதிப்பிடவேண்டும்.

அன்றியும், மொத்த லாபம் மட்டும் பார்த்தல் போதாது. பிந்தி விதைத்த சிறு குடியானவருக்கும் முந்தி விதைத்தவருக்கும் ஒரே கெடு வைத்தால், பயன் எல்லோருக்கும், பாரம் சிலருக்கு என்றாகும். கெடுவை அந்தந்த வட்டாரத்தின் விதைப்புக் காலத்துக்கு இசைய வைப்பதே முறை.

காய்ப்புழு இன்று பி.டி. பருத்தியின் எதிர்ப்பையும் வென்று பல மாநிலங்களில் பரவியுள்ளது. பருவம் முடிந்ததும் மாரை அகற்றுமாறு இன்றும் சொல்லப்படுகிறது. அவ்வாறு செய்யுமுன் அண்டை நிலத்தாரையும் கலந்து, ஒரே வாரத்தில் எல்லோரும் அகற்றுவார்களாயின், செலவழித்த கூலி பலன் தரும்.